கொடி தாங்கும் தகுதி

 

"தலைமைப் பண்பு" என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் பெரிதும் புழங்குகின்றது. கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கென ஓர் இடம் உண்டு என்பதனால், பள்ளி மன்றத்தின் தலைவர், சதுரங்கக் குழுவின் செயலாளர், விவாத அணியின் பொறுப்பாளர் என ஏதேனும் ஒரு பட்டத்தை நம் பிள்ளைகள் பெற்றுவிட வேண்டும் என்று விரும்புகின்றோம். பட்டம் கிடைத்துவிட்டால் பண்பும் வந்துவிட்டதாக எண்ணி அமைதி அடைகின்றோம். இவ்வெண்ணம் பிழையானது என்பது என் கருத்து. அதனை விளக்குவதற்கு, நம்மில் பெரும்பாலோர் எட்டி நின்றே நோக்கும் ஓரிடத்தை எடுத்துக்கொள்கின்றேன். அமெரிக்க மரைன் படையின் அடிப்படைப் பயிற்சிக் களமே அவ்விடம்.

படையிற் சேருங்கள் என்றோ, சேராதீர்கள் என்றோ கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அஃது ஒவ்வொரு குடும்பமும் ஆழ்ந்து சிந்தித்து எடுக்க வேண்டிய முடிவு. ஆயினும், இந்நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் அவ்வெண்ணம் கொள்கின்றனர் என்பதை நாம் மறுக்க இயலாது. 18 வயது நிரம்பியவர் தாமே கையொப்பமிடலாம்; 17 வயதினர்க்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். குடியுரிமை பெற்றோர் மட்டுமன்றி நிரந்தர வதிவுரிமை உடையோரும் சேரலாம். ஆகவே இதனைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு வேண்டாத வேலை அன்று.

மரைன் படையில் சாதாரண வீரராகச் சேர்வோர்க்குப் பயிற்சி அளிக்கும் களங்கள் இரண்டு. தென் கரோலினா மாநிலத்தின் பாரிஸ் தீவு ஒன்று. இங்கு 1915ஆம் ஆண்டு முதல் பயிற்சி நடைபெற்று வருகின்றது. கலிபோர்னியாவின் சான் டியேகோ மற்றொன்று. பயிற்சிக் காலம் 13 வாரங்கள். நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த சான் டியேகோவில் 2021ஆம் ஆண்டு முதன்முறையாகப் பெண்களும் பயிற்சி பெற்று வெளிவந்தனர் என்பதை நம் மாணவியர் கருத்திற் கொள்ளலாம்.

புதிதாக வருவோர் பிளட்டூன் எனப்படும் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். அப்பிரிவினுள்ளேயே சிலருக்குப் பொறுப்பு அளிக்கப்படுகின்றது. அவர்களுள் முதல்வர் "கைட்" எனப்படுபவர். பிளட்டூனின் எண் பொறித்த கொடியை ஏந்தி அணிவகுப்பின் முன்னே நடப்பவர் இவரே. இவர்க்கு அடுத்த நிலையில் நான்கு ஸ்குவாட் லீடர்கள், அதாவது அணித் தலைவர்கள், இருப்பர். பெயர்ப் பட்டியலும் கணக்கும் எழுதுவதற்கு ஓர் எழுத்தரும் உண்டு. ஏனைய படைகளிலும் இத்தகைய ஏற்பாடு உள்ளது. தரைப்படையில் "பிளட்டூன் கைட்" என்பர். டெக்சாஸ் மாநிலத்து லாக்லண்டில் நடைபெறும் விமானப்படைப் பயிற்சியில் "டார்ம் சீஃப்" என்பர். சிகாகோவிற்கு வடக்கேயுள்ள கிரேட் லேக்ஸ் கடற்படைக் களத்தில் ஒவ்வொரு பிரிவிற்கும் பயிற்சி பெறுவோருள் ஒருவரே தலைவராயிருப்பார். பெயர்கள் வேறாயினும் பொருள் ஒன்றே.

இப்பொறுப்பினால் கிட்டும் பயன் யாது? ஊதியம் ஒரு காசும் கூடுவதில்லை. தோளிற் பட்டை ஏறுவதில்லை. தனி அறையோ தனி உணவோ இல்லை. மாறாக, படுக்கை ஒழுங்காக விரிக்கப்படவில்லையா, எவரேனும் ஒருவர் தண்ணீர்க் குப்பியை மறந்துவிட்டாரா, அணி வரிசையில் வந்து நிற்கச் சில நொடிகள் தாழ்த்ததா, இவை அனைத்திற்கும் முதலில் விடை கூற வேண்டியவர் கைட். பிறர் செய்த பிழைக்காகத் தரையிற் கைகளை ஊன்றித் தண்டால் எடுக்க வேண்டியவரும் பல வேளைகளில் இவரே. பயிற்சி முடியும் வரை இப்பதவியைக் காத்துக்கொள்பவர் பொதுவாக ஒரு படி உயர்வு பெற்று வெளியேறுகின்றார் என்பது உண்மையே. ஆனால் அதற்குள் அவர் கடக்க வேண்டிய நாட்கள் எளியவை அல்ல.

இனி, இப்பதவி எவ்வாறு கிடைக்கின்றது என்பதைக் காண்போம். இங்கே தேர்தல் இல்லை, விண்ணப்பமும் இல்லை. தொடக்க நாட்களில் பயிற்றுநர்கள் உரத்த குரல், உயர்ந்த தோற்றம், முன் அனுபவம் ஆகியவற்றைக் கண்டு ஒருவரை நிறுத்துகின்றனர். சாரணர் இயக்கத்தில் "ஈகிள் ஸ்கௌட்" நிலையை அடைந்தவர்களும், உயர்நிலைப் பள்ளியில் இளையோர் படைப் பயிற்சி பெற்றவர்களும், கல்லூரிப் பாடங்கள் சில முடித்தவர்களும் சற்று உயர்ந்த தரநிலையில் படையிற் சேர வாய்ப்புண்டு. அத்தரநிலை அவர்களுக்குக் கொடியைப் பெற்றுத் தருவதில்லை. முதல் நாள் கொடி பெற்றவர் கடைசி நாள் வரை அதனை வைத்திருப்பது அரிது. ஒரு சிறு தவற்றிற்காகக் கொடி பறிக்கப்பட்டு அடுத்தவர் கைக்குப் போகும். சில நாட்களில் அவரிடமிருந்தும் பறிக்கப்படும். பறிக்கப்பட்டவரிடமே அது மீண்டும் வந்து சேர்வதும் உண்டு.

இம்முறையினை நோக்குங்கால், கொடியை ஈட்டித் தருபவை நான்கு பண்புகள் என்பது புலனாகும்.

முதலாவது, தன் கடமையில் தவறாமை. காவற் பணிக்குரிய 11 பொதுக் கட்டளைகளையும், பதவி வரிசையையும், படையின் வரலாற்றையும் மனப்பாடமாக ஒப்பிக்க இயலாதவர், அவற்றை அறியாதவரைத் திருத்த இயலாது. 3 மைல் ஓட்டத்தில் பின்தங்குபவர் "விரைந்து வாருங்கள்" என்று பிறரை அழைக்க இயலாது.

இரண்டாவது, "நான்" என்பதை விடுதல். இப்பயிற்சியில் ஒருவர் தம்மை "நான்" என்று குறிப்பிடுதல் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். "இந்தப் பயிற்சியாளர் தண்ணீர் அருந்த அனுமதி வேண்டுகின்றார்" என்று படர்க்கையிற் பேச வேண்டும். கேட்பதற்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளைக்கு நூறு முறை "நான்" என்னும் சொல்லை விழுங்கிப் பழகியவர்க்கே, தம்மை அடுத்து நிற்பவரின் நிலை கண்ணிற்படத் தொடங்குகின்றது.

மூன்றாவது, கடைசியில் நிற்பவரைக் கைதூக்கி விடுதல். பிளட்டூன் முழுவதும் ஒன்றாகவே மதிப்பிடப்படுகின்றது. ஆகவே முதலில் முடித்தவர் கைகட்டி நின்றால் பயனில்லை. தம் காலணியைக் கட்டி முடித்தவுடன், இன்னும் தடுமாறுபவரிடம் ஓடிச்சென்று உதவுபவரையே பயிற்றுநரின் கண்கள் தேடுகின்றன. பயிற்சியின் இறுதிக் கட்டத்தில், 1996ஆம் ஆண்டு தளபதி சார்ல்ஸ் குருலாக் காலத்தில் புகுத்தப்பட்ட "குரூசிபிள்" என்னும் 54 மணி நேரச் சோதனை வருகின்றது. உணவு குறைவு, உறக்கமும் குறைவு. சிறு குழுக்களாக நின்று தடைகளைக் கடந்து, முடிவில் 9 முதல் 10 மைல் வரை சுமையுடன் நடக்க வேண்டும். தனி ஒருவரின் வலிமையால் கடக்க முடியாதவாறே அத்தடைகள் அமைக்கப்பட்டுள்ளன.

நான்காவது, பதவி பறிபோனபின் நடந்துகொள்ளும் முறை. நேற்று முன்னே நடந்தவர் இன்று வரிசையில் ஒருவராக நின்று, தமக்குப்பின் வந்தவரின் குரலுக்குக் கீழ்ப்படிய வேண்டும். முகம் சுளிப்பவர் அத்துடன் முடிந்தார். முன்னிலும் ஊக்கமாக உழைப்பவரே மீண்டும் அழைக்கப்படுகின்றார். என்னைக் கேட்டால், இந்நான்கனுள் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படுவது இதுவே. பரிசு கிடைக்காத போட்டியில் மறு ஆண்டு பெயர் கொடுக்க மறுக்கும் பிள்ளைகளையும், அதற்குத் துணைநிற்கும் பெற்றோரையும் நாம் காணாமல் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "அச்சுறுத்தலும் கூச்சலும் நிறைந்த இடத்தில் வளர்வது தலைமை ஆகுமா? மேலிருப்பவரின் ஏவலைக் கீழிருப்பவர்மீது சுமத்தும் கருவிதானே அந்தக் கைட்?" என்று சிலர் வினவுவர். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, பாரிஸ் தீவில் ஒரு பயிற்றுநர் தம் பிளட்டூனை ஒழுங்குபடுத்துவதாகக் கருதி ரிப்பன் கிரீக் என்னும் ஓடையினுள் நடத்திச் சென்றார். இளைஞர் அறுவர் நீரில் மூழ்கி மாண்டனர். அதன்பின் பயிற்சியின்மீது மேலதிகாரிகளின் கண்காணிப்புப் பெருகிற்று. எனினும் கொடுமை முற்றிலும் ஒழிந்ததாகக் கூறுவதற்கில்லை. 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதே பாரிஸ் தீவில், பாகிஸ்தானிய வழிவந்த 20 வயது இளைஞர் ஒருவர் பயிற்சிக்கு வந்த சில நாட்களிலேயே கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தார். அவருடைய பயிற்றுநருள் ஒருவர், இசுலாமிய இளைஞர்கள் உள்ளிட்ட பலரைத் துன்புறுத்திய குற்றத்திற்காக 2017ஆம் ஆண்டு நவம்பரில் படை நீதிமன்றத்தால் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நம்மைப் போன்றே தெற்காசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த இத்துயரை நாம் மறத்தலாகாது.

ஆயினும் இந்நிகழ்ச்சிகளிலிருந்து நான் கொள்ளும் முடிவு வேறு. கடுமை வேறு, கொடுமை வேறு. அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள கோட்டை இரவு பகலாக அருகிலிருந்து காண்பவர் யார்? உயர் அதிகாரி அல்லர். உடன் உறங்கி உடன் எழும் அந்த அணித் தலைவரே. எவர் உணவு உண்ணாமல் இருக்கின்றார், எவர் இரவில் விம்முகின்றார், எவரைப் பிறர் பெயர் சொல்லாது இழித்துரைக்கின்றனர் என்பன அவருக்கே முதலில் தெரியும். அவர் அதனைக் கண்டும் காணாதவர் போல் இருந்தால் கொடி அவர் கையில் இருந்தும் பயனில்லை. தம் பதவி போயினும் போகட்டும் என்று மேலதிகாரியிடம் சென்று உரைப்பாராயின், அக்கணமே அவர் தலைவர் ஆகின்றார். சட்டத்திற்கு மாறான கட்டளைக்குப் படைவீரர் கீழ்ப்படிதல் வேண்டா என்பது அமெரிக்கப் படைச் சட்டத்திலேயே உள்ள நெறி. கீழ்ப்படிதலைக் கற்றவர்க்கு, எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். இதனைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் களத்தில் ஒருவர் கற்றுத் தருவார் என்று நாம் காத்திருத்தலாகாது. வீட்டிலேயே கற்றுத்தர வேண்டிய பாடம் இது.

படையைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். அவற்றுள் படைமாட்சியின் இறுதிக் குறள், நிலைத்து நிற்கும் வீரர் பலர் இருந்தாலும் தலைமை தாங்குவோர் இல்லையாயின் படை இல்லை என்னும் கருத்தினது. அத்தலைமை தாங்குவோர் எங்கிருந்து வருவர்? வீரர் கூட்டத்தினுள்ளிருந்தே வருதல் வேண்டும் என்பதனை அப்பயிற்சிக் களம் நமக்குக் காட்டுகின்றது.

படையிற் சேரும் எண்ணம் உடைய மாணவர்களுக்குச் சில சொற்கள். முதல் நாளே பதவியை நாடாதீர்கள். உங்கள் பணியைப் பிழையறச் செய்யுங்கள். புறப்படுமுன்னரே ஓடிப் பழகுங்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்யுங்கள். தயக்கமின்றி உரத்துப் பேசப் பழகுங்கள். ஆள் சேர்ப்பவர் வாய்மொழியாகக் கூறும் எவ்வுறுதியும் ஒப்பந்தத்தில் எழுத்தில் உள்ளதா என்று பெற்றோருடன் அமர்ந்து படித்துப் பாருங்கள். கல்லூரிப் பட்டம் பெற்று அதிகாரியாகச் சேரும் வழி முற்றிலும் வேறு என்பதனையும் அறிந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை இப்பேச்சை எடுத்தவுடன் கடிந்து வாயடைத்து விடாதீர்கள். பேச்சு நின்றுவிட்டால் எண்ணம் நின்றுவிடுவதில்லை. அது நமக்குத் தெரியாமல் வளரும். நாளைப் பயிற்சிக் களத்தில் துன்பம் நேர்ந்தால், அதனை எழுதி அனுப்பவும் பிள்ளைக்கு நம்மிடம் நம்பிக்கை வேண்டும் அன்றோ?

படையை நினையாத ஏனைய மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் தமிழ்ப்பள்ளியில் உயிரெழுத்தை இப்போதுதான் கற்கத் தொடங்கிய சிறுவனின் அருகில் அமர்ந்து எழுத உதவும் மூத்த மாணவி, நாடகத்தில் தலைமை வேடம் தமக்குக் கிடைக்காதபோதும் ஒத்திகைக்குத் தவறாமல் வந்து திரை இழுக்கும் மாணவன், விழா முடிந்தபின் நாற்காலிகளை மடித்து வைக்க நிற்கும் பிள்ளைகள், இவர்கள் பெயர் எந்த விண்ணப்பத்திலும் "தலைவர்" என்று ஏறுவதில்லை. ஆயினும் அந்நான்கு பண்புகளும் இவர்களிடத்திலேயே முளைக்கின்றன. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இவர்களைக் கண்டறிந்து அடுத்த ஆண்டு பொறுப்புகளை இவர்கள் கையில் ஒப்படைத்தல் வேண்டும். தவறு செய்தால் திருத்தி, தேவையாயின் பொறுப்பை மாற்றி, மீண்டும் ஒரு வாய்ப்பும் நல்குதல் வேண்டும். அவ்வாறு வளரும் பிள்ளைகள் எத்துறைக்குச் செல்லினும் தம்முடன் நடப்போரைக் கைவிடார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

வாழ்க நம் இளைய தலைமுறை! வளர்க தமிழ்!