விழுங்க இயலாதவர்க்கு இன்னொரு வழி



பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள் ஆயரும் மறைசாட்சியுமான புனித பிளாசியாரின் திருநாள். மீன்முள் சிக்கி உயிருக்குப் போராடிய சிறுவனை அவர் காப்பாற்றினார் என்பது மரபு. ஆதலால் அந்நாளில் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து, விசுவாசிகளின் தொண்டைக்கு ஆசி வழங்குவது திருச்சபையின் பழைய வழக்கம். அவ்வாசியை நாடி வருவோருள் பெரும்பாலோர்க்கு இருமலோ சளியோ இருக்கும். சிலருக்கு மட்டும், விழுங்கிய உணவு இரைப்பைக்குள் இறங்காமல் நெஞ்சிலேயே நின்றுவிடும் துன்பம் உண்டு. அவர்களைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

இந்நோய்க்கு ‘அக்கலேசியா’ என்று பெயர். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசைவளையம் உள்ளது. நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட்டு, பின் மூடிக்கொள்ளும். அதனை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் வளையம் தளர்வதில்லை. குழாயும் உணவைக் கீழே தள்ளும் ஆற்றலை இழக்கிறது. ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே புதிதாக வரும் அரிய நோய் இது. ஆகவே பல மருத்துவர்களுக்கும் இது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. நோயாளியோ வயிற்றுப் புண் என்றும், மனக்கவலை என்றும், சில வீடுகளில் செய்வினை என்றுங்கூடச் சொல்லக் கேட்டு ஆண்டுகளைக் கழிக்கிறார்.

இதன் அடையாளங்களைக் குடும்பத்தலைவிகள் அறிந்திருத்தல் நலம். சோறு மட்டுமன்றித் தண்ணீரும் இறங்கத் தயங்கும். உண்டது செரிக்காமலே வாய்க்குத் திரும்பும். இரவில் படுத்தால் இருமலும் புரையேறுதலும் உண்டாகும்; உடல் மெலியும். கெட்டியான உணவில் தொடங்கி, நாளடைவில் நீரும் இறங்காமற் போவது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எதுவாயினும் வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்தலாகாது. கீழப்பாவூர் போன்ற ஊர்களில் வாழ்வோர் தென்காசி அரசு மருத்துவமனையையோ, பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடித் தக்க பரிசோதனைக்கு வழி கேட்கலாம். பேரியம் கலந்த நீரைப் பருகச் செய்து ஊடுகதிர்ப் படம் எடுத்தால், அடியில் பறவையின் அலகுபோல் ஒடுங்கிய உணவுக்குழாய் தென்படும். அகநோக்கிச் சோதனையும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும் நோயை உறுதிப்படுத்தும்.

மருத்துவ உலகம் இந்நோயோடு மூன்றரை நூற்றாண்டுகளாகப் போராடி வருகிறது. 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, உணவை உள்ளே தள்ளும் முறையைப் பதிவு செய்தார். 1913-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் இறுகிய தசையை வெட்டித் தளர்த்தினார். பிற்காலத்தில் அதே சிகிச்சை வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யப்படலாயிற்று. பெரும்பாலோர்க்கு அது நற்பயன் தருகிறது. ஆயினும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குத் துன்பம் நீங்காமலோ, சில ஆண்டுகளில் திரும்பியோ வருகிறது.

இவர்களே மிகவும் சோர்ந்துபோகிறவர்கள். “ஒருமுறை கத்தி வைத்தாயிற்று, கடனும் பட்டாயிற்று, இனி என்ன இருக்கிறது?” என்று வீட்டாரும் கைவிரித்துவிடுகின்றனர். அப்படிக் கைவிரிக்க வேண்டுவதில்லை.

2008-இல் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே, உடலின் வெளியே எந்தக் கீறலுமின்றி, வாய்வழியாக அகநோக்கியைச் செலுத்தி இத்தசையை வெட்டினார். ‘போயம்’ என வழங்கும் இம்முறையில் நோயாளிக்கு முழு மயக்கம் தரப்படும். உணவுக்குழாயின் உட்சவ்வில் சிறு வாயில் திறந்து, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம்போல் வழி அமைப்பர். அதன் வழியே சென்று தசையை நீளவாட்டில் வெட்டியபின் வாயிலைச் சிறு கவ்விகளால் மூடிவிடுவர். முன்னைய அறுவை பெரும்பாலும் குழாயின் முன்புறத்தில் செய்யப்பட்டிருக்கும். எனவே இம்முறை பின்புறமாகச் சென்று, பழைய தழும்பைத் தவிர்க்க இயலும். இந்தியாவில் ஹைதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் மருத்துவ நிறுவனம் இம்முறையில் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது செய்யப்படுகிறது.

பயனை மிகைப்படுத்திச் சொல்ல விரும்போம். ஹெல்லர் அறுவைக்குப் பின்னும் துன்புற்ற 90 பேரை ஐரோப்பிய மருத்துவமனைகள் ஆய்ந்து, 2023-இல் முடிவை வெளியிட்டன. காற்றுப்பையால் வளையத்தை விரித்தவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 27 பேரும், போயம் செய்துகொண்டவர்களில் 62 பேரும் நலம் கண்டனர். ஏனையோர்க்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. போயத்துக்குப் பின் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் தருவதும் உண்டு. அதற்கு மருந்து தேவைப்படலாம். மேலும், முதல் அறுவை ஏன் பயனற்றுப் போயிற்று என்று முதலில் ஆராய வேண்டும். தசை முழுதும் வெட்டப்படாதிருந்ததா, தழும்பு இறுக்குகிறதா, வேறு நோய் சேர்ந்துள்ளதா என்பது தெரிந்த பின்னரே அடுத்த சிகிச்சையை முடிவு செய்தல் முறை. எனவே பழைய அறுவைக் குறிப்புகளையும் படங்களையும் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா என்பதையும் புறப்படுமுன் அம்மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பங்குக் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். அசன விருந்திலும் திருமண வீட்டிலும் ஒருவர் இலைமுன் அமர்ந்து உண்ணாதிருந்தால், “எங்கள் வீட்டுச் சோறு பிடிக்கவில்லையா?” என்று கேளாதீர்கள். பிறர் முன் உணவு திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சத்தாலேயே பலர் விருந்துகளைத் தவிர்த்து, உறவையும் இழக்கின்றனர். அவருக்குச் சற்று நேரம் கொடுங்கள். கஞ்சியோ பாலோ வேண்டுமா என்று தனியே கேளுங்கள்.

மற்றொன்று, அப்பம் விழுங்க அஞ்சி நற்கருணை வாங்காமல் பின்வாங்குவோர்க்கு. தேவை நேரும்போது திராட்சை இரச வடிவில் மட்டுமே நற்கருணை வழங்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 925-ஆம் விதி இடமளிக்கிறது. திருப்பலிக்கு முன்பே பங்குக் குருவிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பிளாசியாரின் ஆசியைப் பெற வருவோர் நம்பிக்கையோடு வருக. பெற்றபின் மருத்துவரிடமும் அதே நம்பிக்கையோடு செல்க. ஒருமுறை சென்று பயன் காணாதவர் மறுமுறையும் செல்லத் துணிக. துணைக்கு வீட்டில் ஒருவர் உடன் செல்வீராக.