மொட்டை டயரும் ஸ்டீல் ஹோஸும்

மதுரையில் காலேஜ் பையன் கையில் வீட்டுப் பழைய கார் சிக்கினால் என்ன நடக்கும்? முதல் மாதம் ஸ்பீக்கர். இரண்டாவது மாதம் பின் கண்ணாடியில் ஸ்டிக்கர். மூன்றாவது மாதம் எவனாவது ஒரு நண்பன் வந்து காதில் ஓதுவான்: "மாப்ள, பிரேக் ஹோஸை ஸ்டீலுக்கு மாத்திருடா. அப்புறம் பாரு, மிதிச்ச இடத்துல வண்டி நிக்கும்." கூடவே ஒரு வீடியோ. அதில் ஒரு வெள்ளைக்காரர் பளபளக்கும் ஹோஸை மாட்டி, பெடலை ஒரு மிதி மிதித்து, புல்லரித்துப் போவார். பையன் அன்று சாயங்காலமே விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவான்.

நேரடியாகவே சொல்லிவிடலாம். ஊருக்குள் ஓடுகிற சாதாரண காருக்கு இது வெட்டிச் செலவு. ஸ்டீல் ஹோஸ் நல்ல பொருள்தான். ஆனால் அது தீர்க்கிற பிரச்சினை கடுகளவு. அந்தக் காசு போய்ச் சேரவேண்டிய இடம் வேறு.

முதலில் அந்த ஹோஸ் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்தும். அந்த அழுத்தம் பைப் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி, அவ்வளவுதான். இந்தப் பைப்பில் பெரும்பகுதி ஏற்கனவே இரும்புக் குழாய்தான். சக்கரம் திரும்பவும் குலுங்கவும் வேண்டியிருப்பதால், கடைசியில் மட்டும் ஒரு முழம் அளவுக்கு ரப்பர் ஹோஸ் இருக்கும். அழுத்தம் ஏறும்போது அந்த ரப்பர் கொஞ்சம் உப்பும். உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அந்த அளவுக்கு உப்பாது. அதனால் பெடல் கெட்டியாகத் தெரியும். இது உண்மை. யாரும் மறுக்கவில்லை.

ஆனால் காரை நிறுத்துவது பெடல் அல்ல, டயர். தார்ச்சாலையைப் பிடித்துக்கொண்டிருப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்கு வந்த புது கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஆளில்லாத இடத்தில் அப்படிப்பட்ட காரில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் 'கடகட'வென்று காலை உதைக்கும். அதற்கு என்ன அர்த்தம்? டயர் தாங்குகிற அளவைவிட அதிக அழுத்தத்தை அந்தச் சாதாரண ரப்பர் ஹோஸ் ஏற்கனவே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கம்ப்யூட்டர் குறுக்கே வந்து குறைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் ஸ்டீல் ஹோஸ் என்ன சாதிக்கப் போகிறது? அண்டா நிரம்பி வழியும்போது குழாயைப் பெரிதாக்குகிற கதைதான்.

கொஞ்சம் கணக்கும் போடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் 17 மீட்டர் கடக்கும். ஆபத்தைப் பார்த்துக் கால் பெடலுக்குப் போக ஒரு நொடி. அதன்பிறகு காய்ந்த ரோட்டில், சுமாரான டயரில் நிற்க இன்னொரு 20 மீட்டர். ஆகமொத்தம் 37 மீட்டர். ஸ்டீல் ஹோஸால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு முன்னதாகவே பிரேக் பிடிக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மிச்சம் 83 சென்டிமீட்டர். அதே கார் 60-க்குப் பதில் 55-ல் போனால்? 32 மீட்டரில் நின்றுவிடும். மிச்சம் நாலரை மீட்டருக்கு மேல். செலவு பூஜ்யம். பெட்ரோலும் மிச்சம்.

"அதெல்லாம் இருக்கட்டும், மாட்டினவன் வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றானே?" என்று கேட்கலாம். தெரியத்தான் செய்யும். ஏன் தெரிகிறது என்பதுதான் காமெடி. ஹோஸை மாற்றும்போது மெக்கானிக் பழைய பிரேக் ஆயிலை இறக்குகிறார், புது ஆயில் ஊற்றுகிறார், உள்ளே மாட்டியிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றுகிறார். பல வருஷமாக யாரும் தொடாத வண்டிக்கு இது மட்டும் செய்தாலே பெடல் கெட்டியாகிவிடும். பேர் வாங்குவது ஸ்டீல் ஹோஸ். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

பெடல் கெட்டியாக இருந்தாலே நல்ல பிரேக் என்பதும் தப்பு. 2018 மே மாதம் மாருதி நிறுவனம் 52,686 ஸ்விஃப்ட், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. பிரேக் வேக்குவம் ஹோஸில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம். அது எண்ணெய் போகிற குழாய் அல்ல. பெடலை மிதிக்க உதவும் பூஸ்டருக்குப் போகிற குழாய். பூஸ்டர் வேலை செய்யாவிட்டாலும் பெடல் கல் மாதிரி ஆகும். வண்டி மட்டும் லேசில் நிற்காது.

அடுத்து வருவது கொடைக்கானல் வாதம். "மலை இறங்கும்போது ஸ்டீல் ஹோஸ் இல்லாட்டி பிரேக் போயிரும்" என்பார்கள். வத்தலக்குண்டு பக்கம் இறங்குகிற மலைப்பாதையில் பிரேக் போவது நிஜம். காரணம் சூடு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தர அளவு. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் அமுங்கும், பெடல் தரையைத் தொடும். தங்கத்திலேயே ஹோஸ் செய்து மாட்டினாலும் கொதிக்கிற ஆயிலைத் தடுக்க முடியாது. மருந்து இரண்டுதான்: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவது, ஏறின கியரிலேயே இறங்குவது. முதலாவதுக்கு ஆயில் விலை சில நூறு ரூபாய். இரண்டாவதுக்கு அதுவும் இல்லை.

ஸ்டீல் ஹோஸுக்கு உபத்திரவங்களும் உண்டு. ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஸ்டீல் பின்னலுக்குள் இருக்கிற குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பின்னலுக்குள் மண் புகுந்தால் அதுவே உள்குழாயை அராவும். நீளம் கொஞ்சம் குறைந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது இழுபடும். மலிவு விலை டூப்ளிகேட் என்றால் சொல்லவே வேண்டாம். உயிர் தொங்குகிற இடத்தில் தரம் தெரியாத பொருளை மாட்டுவதற்குப் பெயர் அப்கிரேடா?

யாருக்குத்தான் இது தேவை? இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் சுற்றுச் சுற்றாக ரேஸ் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு மிதியும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். அவர் மாட்டட்டும். பைக்கில் ஹேண்டிலிலிருந்து சக்கரம் வரை நீளமான ஹோஸ் வருவதால் விரலுக்கு வித்தியாசம் தெரியும். அதுவும் நியாயம். பதினைந்து வருஷத்துப் பழைய காரில் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். கம்பெனி ரப்பர் ஹோஸே போதும்.

பி.காம். முதல் வருஷத்திலேயே வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வருகிறது. பரீட்சையில் ஐந்து மார்க் வாங்கியதோடு மறந்துவிடுகிறோமே, அது இங்கேதான் தேவை. கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் டயர் பள்ளத்தைப் பார்க்கவேண்டும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது ஓடக்கூடாத டயர். அப்புறம் பிரேக் ஆயில், பேட், பின் சக்கரத்து லைனர், காற்று அழுத்தம். இவ்வளவும் சரியாக இருந்து காசும் மிஞ்சினால், அப்போது ஸ்டீல் ஹோஸைப் பற்றி யோசிக்கலாம். பெரும்பாலும் மிஞ்சாது.

மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1912-ல் இங்கே பஸ் ஓட்ட ஆரம்பித்தது டி.வி.எஸ். அந்த பஸ் வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பெயரை ஸ்டிக்கரும் பளபளப்பும் வாங்கித் தரவில்லை. ஒழுங்கான பராமரிப்பு வாங்கித் தந்தது. இன்றைக்கும் மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி பக்கம் போனால் அதே குடும்பத்து டயர் ஃபேக்டரியைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு காட்சி. உசிலம்பட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு ஒரு குடும்பம் வருகிறது. அப்பா ஓட்டுகிறார், பின்சீட்டில் அம்மாவும் ஆச்சியும். ஐப்பசி மழை. செக்கானூரணி பக்கம் ஆட்டுக்கூட்டம் ஒன்று சடாரென்று ரோட்டில் இறங்குகிறது. அப்பா மிதிக்கிறார். பையன் ஆசை ஆசையாக மாட்டின ஸ்டீல் ஹோஸ் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்கிறது. கீழே நாலு டயரும் மொட்டை.

ஆட்டுக்கு ஹோஸ் தெரியாது. ஈர ரோட்டுக்கும் தெரியாது. போய் முதலில் டயரை மாத்துங்கப்பா.