கண் காட்டப் போகும் நாளுக்கும் ஒரு பேர்

"கண்ணு நல்லாத்தானே தெரியுது தம்பி? இதுக்குன்னு ஒரு பேரை விட்டுட்டு பதுளைக்குப் போகணுமா?"

கண்ணைக் காட்டச் சொன்னதற்குப் பசறைப் பக்கம் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சொன்ன பதில் இது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான கூலிக் கணக்கு. அவருக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடமாகிறது. மாதா மாதம் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் குளிசை வாங்குகிறார். கண்ணுக்குள் மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஹாலிஎலயிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலின் முதல் பாதி ஆபத்தான நம்பிக்கை. இரண்டாம் பாதி நியாயமான கணக்கு. முதலாவதை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவதைத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் சேர்ந்துதான் தீர்க்க முடியும்.

முதலில் கண்ணைப் பார்ப்போம். கண்ணின் உட்புறப் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதன் கனம் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். வெளிச்சத்தை வாங்கி மூளைக்குச் சேதியாக அனுப்புவது அதுதான். அந்த வேலைக்கு ஒட்சிசன் நிறைய வேண்டும். அதைக் கொண்டுவருபவை மயிரிழையிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடியே இருந்தால், அந்தக் குழாய்ச் சுவர்களைத் தாங்கி நிற்கும் கலங்கள் செத்துப்போகின்றன. சுவர் அங்கங்கே சிறு கொப்புளமாகப் புடைக்கிறது. நீரும் கொழுப்பும் கசிகின்றன. இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிந்து நிற்கிறது. சில குழாய்கள் அடைபட்டும் போகின்றன. ஒட்சிசன் கிடைக்காமல் தவிக்கும் பகுதி புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை உறுதியில்லாதவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தை நிரப்பிவிடும். அவற்றோடு வளரும் தழும்பு நார் சுருங்கும்போது, விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும்.

இவ்வளவும் நடக்கும்போது வலி இருக்காது. பார்வையின் நடுப்பகுதியான மஞ்சள் புள்ளியைக் கசிவு தொடும்வரை, அல்லது புதுக் குழாய் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிரம்பும்வரை, பார்வையும் பெரும்பாலும் குறையாது. கொஸ்லந்தை மீரியபெத்தை மலை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை சரிந்து லயங்களை மூடியது. அதற்கு முதல்நாள்வரை மேலே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணை அறுத்துக்கொண்டிருந்தது. கண்ணிலும் அப்படித்தான். அந்த மலையைப் பற்றிய எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. இடம்பெயர வழி செய்து கொடுக்காத எச்சரிக்கை யாரையும் காப்பாற்றாது என்பதை ஊவாவில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்வை மங்கியபிறகும் நம்மவர்கள் காத்திருக்கிறார்கள். "பூ விழுந்திருக்கு, முத்தட்டும், வெட்டிக்கலாம்" என்பார்கள். கண்புரை என்றால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைக்கலாம், பார்வை திரும்பும். கருவிழியின் வெளிப்படலம் கெட்டாலும் மாற்றுவதற்கு வழி உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம், இந்த நாட்டு மக்கள் கொடுத்த கருவிழிப் படலங்களை உலகமெங்கும் அனுப்பியிருக்கிறது. விழித்திரைக்கு அந்த வழி இல்லை. யார் கண்ணைத் தானம் செய்தாலும் கெட்டுப்போன விழித்திரையை மாற்ற இன்றைய வைத்தியத்தால் முடியாது. முத்தட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புத்தான்.

இருப்பதைக் காப்பாற்ற மட்டும் நல்ல வைத்தியம் இருக்கிறது. லேசர் ஒளியால் விழித்திரையின் பாதிக்கப்பட்ட பகுதிகளைச் சுட்டு, புதுக் குழாய்கள் முளைப்பதை அடக்குகிறார்கள். கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1970களிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. மஞ்சள் புள்ளியில் நீர் கோத்தால் கண்ணுக்குள்ளேயே போடும் ஊசி மருந்து இருக்கிறது. ஊசி என்றதும் பயம் வரும். கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள், சில நொடிகளில் முடிந்துவிடும். சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் கண்ணின் சேதம் மெதுவாகும் என்பதை 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வு உறுதிசெய்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருவர் கண்ணுக்குள் பார்த்தாக வேண்டும்.

எப்போது பார்ப்பது? பெரியவர்களுக்கு வரும் சீனி வருத்தம் என்றால், கண்டுபிடித்த உடனேயே. ஏனென்றால் கண்டுபிடிப்பதற்குப் பல வருடம் முன்பே அது உடம்பில் இருந்திருக்கலாம். இலங்கையில் 2005–2006இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களில் பத்துக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. நோய் வந்து 20 வருடமானவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் விழித்திரையில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். ஆகவே முதல் சோதனைக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. சீனி வருத்தம் உள்ள பெண் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே. கர்ப்ப காலத்தில் இந்தச் சேதம் வேகமெடுக்கக் கூடும்.

இனி அக்காவின் கணக்குக்கு வருகிறேன். கண்ணுக்குள் பார்க்க, பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பிறகு பல மணிநேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. அந்தக் கண்ணோடு பஸ் ஏறி, இறங்கி, லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் தனியாக நடக்க முடியாது. மகளோ மருமகளோ கூட வர வேண்டும். அவருக்கும் அன்று பேர் இல்லை. கொழுந்து குறைந்தாலே அரைப் பேர் போடும் இடத்தில் இரண்டு முழுப் பேர் போகிறது. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தாலும், ஒரு கண் சோதனையின் விலை 2,700 ரூபாய். பஸ் காசு வேறு. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தான். அந்த நாளுக்கான கூலியை யார் கொடுப்பது? அக்கா அலட்சியமாக இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைத் தீர்க்க முடியும். விழித்திரையைப் படமெடுக்கும் கெமராக்கள் இருக்கின்றன. பல பேருக்குச் சொட்டு மருந்தே இல்லாமல், இருட்டறையில் பாவை தானாக விரியும்போது எடுத்துவிடலாம். எடுப்பவர் வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் போதும். படத்தைத் தொலைவிலிருக்கும் கண் வைத்தியர் பார்த்து, யார் உடனே வர வேண்டும், யார் அடுத்த வருடம் வந்தால் போதும் என்று பிரித்துச் சொல்வார். வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துச் சிறு நிலையங்களில் எடுக்கும் படங்களை இப்படித்தான் பார்க்கிறது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த சீமை அது. இங்கிலாந்து 2003இலிருந்து நீரிழிவு உள்ளவர்களை வருடந்தோறும் கண் படத்துக்கு அழைக்கத் தொடங்கியது. உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் என்ற இடத்திலிருந்து, ஐம்பது வருடங்களில் முதன்முறையாக நீரிழிவு இறங்கிவிட்டது என்று 2014இல் வெளியான ஆய்வு அங்கே சொன்னது.

நமக்குப் புதிய கட்டடம் ஒன்றும் வேண்டாம். பிள்ளைகளை நிறுத்து ஊசி போட மருத்துவ மாது தோட்டத்துக்கே வருகிறார். ஒரு காலத்தில் தோட்டத்துக் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்த நிலை மாறியதில் அப்படி வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நாளில், அதே டிஸ்பென்சரியில், வருடத்துக்கு ஒருமுறை ஒரு கெமராவும் வரட்டும். படங்களைப் பதுளை போதனா வைத்தியசாலையின் கண் பிரிவு பார்க்கட்டும். மேல் சிகிச்சைக்குப் பதுளைக்கோ கொழும்புக்கோ போகச் சொன்னால், போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் அன்றைக்குப் பேர் போடட்டும். இலையும் மொட்டும் பிரித்தறியும் கண்ணை வைத்துத்தான் கம்பனி தேயிலை விற்கிறது. அந்தக் கண்ணுக்காக வருடத்தில் ஒரு நாள் கூலி கொடுப்பது தர்மம் என்ற கணக்கில் வராது, உழைப்பின் செலவில்தான் சேரும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இதை ஒரு நிபந்தனையாக எழுதிக்கொண்டு போங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும், சீனி வருத்தமுள்ள அக்காமாரே, அண்ணன்மாரே, அடுத்த கிளினிக்கில் கொப்பியை நீட்டும்போது ஒன்று கேளுங்கள்: "என் கண்ணுக்குள்ள எப்போ பார்ப்பீங்க?" கண் பிரிவுக்குத் துண்டு எழுதி வாங்குங்கள். கண் நன்றாகத் தெரிகிற இப்போதே வாங்குங்கள். வைத்தியம் நன்றாக வேலை செய்வதும் இப்போதுதான்.