ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

மணக்குடிக் காயலின் கரையில் ஒரு வள்ளம் சாய்ந்து கிடக்கிறது. பின்னால் தென்னை வரிசை, அதன் தலைக்கு மேல் ஆரஞ்சு வானம். ஆள் நடமாட்டம் இல்லை. படத்தின் தலைப்பு 'தனிமை'. நிலக்காட்சிப் படங்களுக்கான போட்டி எதை எடுத்துக்கொண்டாலும் இந்தப் படமோ இதன் ஒன்றுவிட்ட தம்பியோ தட்டுப்படாமல் இருப்பதில்லை.

அந்த வள்ளத்துக்குத் தனிமையும் இல்லை, சோகமும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். குமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று பொதுவாகத் தொழிலுக்குப் போவதில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு விடுமுறை கிடைப்பதும் அதே நாளில்தான். ஆக, வள்ளம் ஓய்வெடுக்கும் நாளில் மட்டுமே அதைப் பார்த்திருக்கும் ஒரு தலைமுறைப் படக்காரர்கள் உருவாகிவிட்டார்கள். திங்கள் விடியலில் அதே கரைக்கு வந்து நின்றால் வலை ஏற்றுகிற கைகள், கம்பு ஊன்றுகிற கால்கள், வியாபாரியோடு நடக்கும் பேரம் என்று சட்டகம் நிரம்பி வழியும். ஒரு நாள் விடுப்பு எடுப்பது லென்ஸ் வாங்குவதைவிட மலிவு.

தனிமை என்ற தலைப்பு மணக்குடியில் உறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தைச் சுனாமி பெயர்த்துக் காயலுக்குள் இழுத்துப் போட்டது. இரண்டு கரைகளிலும் அன்றைக்கு ஆட்களை இழந்த வீடுகள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆளில்லாத வள்ளத்தின் படத்தைப் பார்க்கும்போது அவருக்கு நினைவு வருவது அமைதியாக இருக்க வாய்ப்பில்லை.

ஏரியில் படகு என்றதும் உலகம் முழுக்க ஒரே படம்தான் மனத்தில் எழுகிறது. கனடாவின் மொரெய்ன் ஏரி, நீலப்பச்சைத் தண்ணீர், அதில் ஒரு சிவப்புக் கனோ. 1969 வரிசையில் வந்த கனடிய 20 டாலர் தாளின் பின்புறத்தில் அந்த ஏரி ஏறிக்கொண்டது. 2023 முதல் அங்கே தனியார் வாகனங்களுக்கு அனுமதியே இல்லை என்கிற அளவுக்குக் கூட்டம். அந்தத் தண்ணீரின் நிறத்துக்குக் காரணம் பனிப்பாறைகள் மலையை அரைத்து அனுப்பும் நுண்ணிய பாறைத்தூள். அது நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. நம் பேச்சிப்பாறை அணைக்கு மேலே பனிப்பாறை கிடையாது. ஆனாலும் மென்பொருளில் இரண்டு இழுப்பு இழுத்துப் பேச்சிப்பாறை நீரையும் மொரெய்ன் ஆக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் ரப்பர் தோட்டம் தெரிவதுதான் வேடிக்கை.

பேச்சிப்பாறையின் நிறம் மாதத்துக்கு ஒன்று. காட்டு நிழல் விழும் இடத்தில் கரும்பச்சை, மழை வெள்ளம் இறங்கினால் செம்மண் கலங்கல், கோடையில் நீர் இறங்கும்போது கரையைச் சுற்றி ஒரு வெறும் மண் பட்டை. 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த அணை இது. நீர்மட்டம் 48 அடிக் கணக்கில் அன்றாடம் செய்தித்தாளில் வருகிறது. விவசாயி பார்க்கும் அந்த எண்ணைப் படக்காரரும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பாதி வேலை முடிந்தது; மண் பட்டை வேண்டுமா, மரத்தடி வரை ததும்பும் நீர் வேண்டுமா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடலாம். அணைக்கு அப்பால் தோட்டமலை போன்ற காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அவர்களுக்குப் படகு உல்லாச வாகனம் அல்ல. அரிசியும் ரேஷன் மண்ணெண்ணெயும் நோயாளியும் போகும் வழி. திற்பரப்பில் மிதிக்கும் படகைப் படமெடுப்பதும் இதைப் படமெடுப்பதும் ஒரே வேலை இல்லை. இங்கே முதலில் பேச்சு, பிறகுதான் கேமரா.

இனித் தொழில்நுட்பம். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது ஒளியில் சுமார் 2 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பும். பார்வை தாழத் தாழ அந்த அளவு கூடி, நீர்மட்டத்தை ஒட்டிப் பார்க்கையில் ஏறத்தாழ முழுக் கண்ணாடியாகிவிடும். மணக்குடியின் புதிய பாலத்தில் நின்று எடுத்தால் வள்ளத்தின் உள்வயிறு, சுருட்டிய வலை, அடியில் தேங்கிய நீர் எல்லாம் கிடைக்கும், பிம்பம் கிடைக்காது. கரையில் முழங்காலிட்டு எடுத்தால் பிம்பம் முழுசாக வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வராது. எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் இரண்டுக்கும் நடுவில், நின்ற உயரத்தில் எடுப்பதால்தான் நம் படங்களில் பாதி எதுவும் சொல்லாமல் நிற்கின்றன.

போலரைசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். நீர்ப்பரப்போடு ஏறக்குறைய 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான் அது கூசும் ஒளியை அதிகம் வெட்டும். வெட்டும்போது பிம்பத்தையும் சேர்த்தே வெட்டும் என்பதை மறந்து, கண்ணாடி போன்ற காலை நீரில் அதை மாட்டிவிட்டுப் பிம்பம் எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியும் போய்விடும்.

வெளிச்ச அளவீட்டில் வழக்கமான தவறு மரத்துக்கும் ஃபைபருக்கும் ஒரே கணக்கைப் போடுவது. நனைந்த மர வள்ளம் கறுப்பு. பளபளக்கும் நீருக்கு எதிரே கேமராவை அதன் போக்கில் விட்டால் வெறும் நிழல் உருவம்தான் மிஞ்சும். வெள்ளை ஃபைபர் படகு நேர் எதிர். இருண்ட நீரில் அதன் வெண்மை வெந்து போகும். முன்னதற்குக் கூட்டவும், பின்னதற்குக் குறைக்கவும் வேண்டும்.

மர வள்ளம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே மரத்தைக் குடைந்த தோணியும் பலகைகளைக் கயிற்றால் தைத்த தோணியும் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் புழங்கியவை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது, எது எப்படிக் கட்டப்பட்டது என்பதை அவர் பொறுமையாகப் பதிந்து வைத்ததால்தான். ஃபைபர் வந்தபின் மர வள்ளங்கள் ஒவ்வொன்றாக விறகாகின்றன. அந்தி வானத்துக்கு முன் ஆயிரம் படம் எடுத்தாயிற்று. தையல் துளையையும் ஒட்டுப் போட்ட பலகையையும் முனையின் வளைவையும் பகல் வெளிச்சத்தில் அருகே போய் எடுத்தவர்கள் மிகக் குறைவு.

காற்றைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் இருக்கும் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் கண்ணாடி நீர் வேண்டுமென்றால் சூரியன் எழுமுன் கரையில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் குளம் சிலிர்த்துக்கொள்ளும். அப்போது பிம்பத்தை விட்டுவிட்டு ஆளையும் வேலையையும் எடுப்பதே புத்தி.

சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்களுக்கு வள்ளம் தேடிப் போகவே வேண்டாம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை அவை. வேம்பனூர் 20 எக்டேருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய நீரில் ஒரு நல்ல முன்புலத்துக்காகத் தோணியை இறக்கச் சொல்வதும் பறவைக் கூட்டத்தை எழுப்பிப் பறக்க வைத்து எடுப்பதும் எந்தப் பரிசுக்கும் தகாத காரியங்கள்.

காசு கொடுத்து நடிக்க வைப்பது அடுத்த ஆபத்து. மியான்மரின் இன்லே ஏரியில் கூம்புக் கூடையைத் தூக்கி ஒற்றைக் காலில் நிற்பவர் இப்போது பெரும்பாலும் படத்துக்காகவே நிற்கிறார். ஸ்டீவ் மெக்கரி 1995-ல் வெலிகமவில் எடுத்த கம்பு மீனவர்களின் தொழிலும் இலங்கைத் தென்கரையில் சுற்றுலாக் காட்சியாகிவிட்டது. வறுமைக்கு அது வருமானம் என்று வாதிடலாம். அதில் நியாயமும் இருக்கிறது. நடித்ததை நடித்தது என்று படக்குறிப்பில் எழுதினால் சண்டை இல்லை.

அடுத்த இதழ் முதல் நீர்நிலைப் படம் அனுப்புவோர் மூன்று தகவல்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும்: எந்த நீர், என்ன கிழமை, வள்ளம் என்ன வேலைக்குப் போகிறது. வள்ளக்காரரிடம் கேட்டால் மூன்றாவதை அவரே சொல்லிவிடுவார். குறிப்பில்லாமல் 'தனிமை' என்று மட்டும் எழுதி வரும் படங்கள் பரிசீலனைக்கு எடுக்கப்பட மாட்டா.