எலி வயிற்றில் துடிக்கும் இதயம்

பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் 1968 பிப்ரவரியில் ஒரு நோயாளிக்கு மாற்று இதயம் பொருத்தினார். நோயாளி சில மணி நேரமே தாங்கினார். இந்தியாவின் முதல் வெற்றி 1994 ஆகஸ்ட் 3ல்தான் வந்தது. தில்லி எய்ம்ஸில் அதைச் சாதித்தவர் டாக்டர் பி. வேணுகோபால்.

நடுவே 26 ஆண்டுகள். மூளைச்சாவை ஏற்கும் சட்டம் 1994ல்தான் பிறந்தது என்பது ஒரு காரணம். உலகம் முழுவதற்கும் பொதுவான காரணம் வேறு. தைக்கத் தெரிந்த கைகள் இருந்தன; தைத்ததை உடம்பு ஏற்கவில்லை.

அதற்கு விடை தேட உதவியது எலி. எலியின் இதயம் சுமார் ஒரு கிராம். நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடிக்கும். 1969ல் ஓனோ, லிண்ட்சே என்ற இருவர் வெளியிட்ட முறையில், எலியின் சொந்த இதயத்தைத் தொடுவதில்லை. இன்னோர் எலியின் இதயத்தை எடுத்து, அதன் மகாதமனியை வயிற்று மகாதமனியோடும், நுரையீரல் தமனியைப் பெருஞ்சிரையோடும் இணைக்கிறார்கள். நூல் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ரோஸ்கோப் இல்லாமல் கண்ணுக்குப் பிடிபடாது. புது இதயம் உடம்புக்கு ரத்தம் இறைப்பதில்லை; வெறுமனே துடிக்கிறது. தினமும் வயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தால் போதும். துடிப்பு நின்றால், உடம்பு அதை நிராகரித்துவிட்டது என்று பொருள்.

இந்த எலிகளிடம்தான் 1977ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்னின் குழு சைக்ளோஸ்போரின் மருந்தைச் சோதித்தது. மருந்து தண்ணீரில் கரையவில்லை. குழுவிலிருந்த கிரேக்க டாக்டர் ஆல்கிஸ் கோஸ்டாகிஸ் ஆலிவ் எண்ணெயில் கரைத்தார். இதயங்கள் நெடுநாள் துடித்தன. 1983ல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஓய்ந்திருந்த இதயமாற்று மீண்டும் சூடுபிடித்தது.

சோதனையை நம்ப வேண்டுமானால் எலிகளின் வம்சம் சுத்தமாக இருக்க வேண்டும். அண்ணன் தங்கையை இணைத்து 20 தலைமுறை வளர்த்தால்தான் ஓர் இனம் தேறும். இந்த வேலையில் பேர்போனது ஹைதராபாத். ராணுவத்தினரின் சைனிக்புரிக்குத் தெற்கே, தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1958ல் குன்னூரிலிருந்து இடம்பெயர்ந்த இந்த நிறுவனம், நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு எலிகளை வளர்த்து அனுப்பிவந்தது.

எலிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1960ன் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நெறிக்குழு அனுமதி தர வேண்டும். புதியவர்கள் முதலில் ரப்பர் குழாயிலும், பிறகு செத்த எலியிலும் தையல் பழகுவது நல்லது. கை தவறினால் மேஜையில் வீணாகப் போவது இரண்டு உயிர்கள்: கொடுத்த எலி, வாங்கிய எலி.