காய்ச்சலின் விட்டகுறை

மடவளை பஸாரில் ஒரு பார்மசி வாசலில் சற்று நின்றால், கொவிட் வந்துபோனதிலிருந்து உடம்பு பழைய உடம்பாக இல்லை என்ற முறைப்பாடு இன்றும் காதில் விழும். மேடேறினால் மூச்சு வாங்குகிறது. சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகிறது. எவ்வளவு தூங்கினாலும் களைப்புத் தீர்வதில்லை. ஒரு மாதம் விற்றமின், மறு மாதம் அலர்ஜிக் குளிசை, அதற்கும் அசையாவிட்டால் வெனிவெல் அவித்த தண்ணீர். லோங் கொவிட் என்று 2020 இல் பெயரிட்டவர்கள் நோயாளிகளே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரைவிலக்கணம் 2021 ஒக்டோபரில்தான் வந்தது. பெயருக்குப் பின்னால் மருந்து வரவில்லை. கொவிட் மருந்தான பக்ஸ்லோவிட்டைப் பதினைந்து நாள் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வின் முடிவு 2024 இல் வெளியானது. சொல்லத்தக்க குணம் எதுவும் தென்படவில்லை.

காய்ச்சலின் இந்த விட்டகுறையை நம் மலைநாடு முன்பே கண்டிருக்கிறது. 1660 இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடலோடி ரொபர்ட் நொக்ஸும் அவர் தந்தையும் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். தந்தை மறு வருடமே இறந்தார். மகனை அந்தக் காய்ச்சல் ஒரு வருடத்துக்கும் மேலாக விட்டும் தொட்டும் வாட்டியது. பின்னாளில், தப்பியோட வழிதேடி வடக்கே அலைந்தபோது, கெட்ட நீரால் வந்த காய்ச்சலுக்கு அவர் கண்டுகொண்ட மருந்து கஞ்சா இலைப்பொடி. கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில். தலை கிறுகிறுக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்தார். எல்லா மருந்துக்காரர்களுக்கும் அந்த நேர்மை வாய்ப்பதில்லை.

மருந்தே இங்கு மரமாக நின்ற காலமும் உண்டு. 1861 இல் ஹக்கலையில், கொயினா தரும் சிங்கோனாவை நட்டார்கள். கோப்பியை இலைத்துரு தின்ற பிறகு தோட்டங்கள் அதை நம்பின; 1880களில் இலங்கைச் சிங்கோனாப் பட்டை சந்தையில் குவிந்து விலை சரியவே, பிடுங்கியெறிந்துவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1934 இல் மழை பொய்த்து, ஓடிய மகா ஓயா குட்டை குட்டையாகத் தேங்கியது. அதில் பெருகிய நுளம்பு கொண்டுவந்த மலேரியா, அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம் அயலிலுள்ள கேகாலைக்கே பெருத்த அடி. கொயினாவுக்கு மக்கள் ஏங்கிய அந்நாளில், சிங்கோனா நின்ற சரிவுகளில் தேயிலை தளதளத்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டும் எழும்ப மாட்டாதவர்களுக்கு, நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்தார் மார்மைட்டை உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குக் கொயினா மட்டும் போதாது என்று அறிந்திருந்தார்கள்.

அதே கேகாலையில், 2020 டிசம்பரில், கொவிட்டுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட, தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். பாணியைப் பகிரங்கமாகப் பருகிய சுகாதார அமைச்சருக்கு அடுத்த மாதமே கொவிட் கண்டது. நாம் சிரித்தோம். ஆனால் கொயினாவுக்குக் கைநீட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் பாணிக்கும் கைநீட்டினார்கள். கிடைத்தது மெய்யா பொய்யா என்பது நீட்டிய கைக்குத் தெரியாது.

2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை, நாள் குறித்த சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைத்தது. அந்த நாட்களில், ஓயாத களைப்பு என்று சொல்லி டொக்டர் முன்னால் போய் உட்கார யாருக்குத்தான் கூச்சமாக இருந்திருக்காது? வீட்டுக்கு வந்து, வெனிவெல் துண்டை மறுபடி அடுப்பில் ஏற்றியிருப்பார்கள்.