சொந்த டொமைனில் இருந்து அனுப்பும் மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகிறது?

உங்க கம்பெனிக்குச் சொந்தமா ஒரு டொமைன் இருக்கு. பில் அனுப்ப ஒரு முகவரி, ஆள் எடுக்க இன்னொரு முகவரி என சர்வரில் செட் செய்தாச்சு. மெயிலும் கிளம்பிடுச்சு. ஆனால், போய்ச் சேர்ந்தது ஸ்பாம் ஃபோல்டரில். ஏன்?

1982-இல் விட்ட ஓட்டை

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி நெறிமுறை 1982-இல் வெளியானது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்க அதில் வழியே இல்லை. தபால் கவரில் யார் பெயரை வேண்டுமானாலும் 'அனுப்புநர்' என்று எழுதலாம் இல்லையா? அதே கதைதான். வங்கி பெயரிலும் எச்.ஆர் பெயரிலும் போலி மெயில் வருவது இந்த வழியாகவும்தான்.

யார் அனுமதி தருவது?

டொமைனின் உரிமையாளர்தான். டி.என்.எஸ்-இல் அவர் சேர்க்கும் 3 பதிவுகள் இதைச் செய்கின்றன.

எஸ்.பி.எஃப்: எந்தெந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்.

டி.கே.ஐ.எம்: மெயிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி.

டிமார்க்: இவற்றில் ஒன்றாவது பாஸாகி, 'ஃப்ரம்' முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுவதா, ஸ்பாமில் தள்ளுவதா, நிராகரிப்பதா என்ற அறிவிப்பு.

இப்போது ஏன் கெடுபிடி?

மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்கில் 'மொத்தம்' என்றால் நாளுக்கு சுமார் 5,000 மெயில். 2025 மே மாதம் அவுட்லுக்கும் சேர்ந்துகொண்டது. குறைவாக அனுப்பினாலும், ஜிமெயிலுக்கு எஸ்.பி.எஃப் அல்லது டி.கே.ஐ.எம் வேண்டும்.

என்ன செய்யணும்?

முதலில் சர்வரில், எந்த லாகின் எந்த முகவரியைப் பயன்படுத்தலாம் என்று வரையறுங்கள். எல்லோருக்கும் திறந்துவிட்டால், ஒரு பாஸ்வேர்டு திருடு போனாலே எம்.டி பெயரில் மெயில் பறக்கும்.

நியூஸ்லெட்டர், சம்பள பட்டியல் போன்ற வெளிச் சேவைகளையும் எஸ்.பி.எஃப் பட்டியலில் சேருங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப் பதிவுதான், இரண்டு போட்டால் சோதனையே தோல்வி. டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்த பிறகே 'நிராகரி'க்கு மாற்றுங்கள். அவசரப்பட்டால் உங்க பில்லே திரும்பி வரும்.

இவ்வளவு செய்தாலும், ஓர் எழுத்தை மாற்றி வாங்கிய போலி டொமைனை டிமார்க் தடுக்காது. 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' டொமைனுக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொன்னது, இந்த மாதிரி ஏமாற்றுகளைக் குறைக்கத்தான். அதனால், '@' குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேலை இன்னும் நமக்குத்தான்.